முள் போட்டு மூடிய கிணறு

முனிசிபல் ஆபீசில் நான் சர்வேயருக்குச் சங்கிலி பிடிக்கிற ஆள். பல வருஷமாக அதே வேலைதான். ஆலையோ கிடங்கோ கட்டுவதற்கு யாராவது லைசென்ஸ் கேட்டு மனுப் போட்டால், கமிட்டி கூடிப் பார்ப்பதற்கு முன்னால் சர்வேயர் அந்த இடத்தை அளந்து பிளான் போட்டுக் கொடுக்க வேண்டும். அவர் ஒரு முனையில் நோட்டுடன் நிற்பார். நான் சங்கிலியை இழுத்துக்கொண்டு மறுமுனைக்குப் போய், இரும்புக் குச்சியை ஊன்றி, எத்தனை கண்ணி என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். வேலையில் என் பேச்சு அவ்வளவுதான்.

அது எனக்குத் தோதாக இருந்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்திருக்கிறேன். எழுதப் படிக்க வரும். நாலு பேர் முன்னால் பேச வராது. வாயைத் திறப்பதற்குள் காது இரண்டும் சூடாகிவிடும். ஆபீசில் ரிக்கார்டு குமாஸ்தா சாயங்காலம் என்னைப் பார்த்தால், "ஏப்பா, இன்னைக்கு எத்தன வார்த்த செலவாச்சு? நூறு கண்ணிக்கு ஒண்ணா?" என்று கேட்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே சங்கிலியை மடித்து வைப்பேன்.

பைக்காரா கரண்ட் வந்த பிறகு கோயமுத்தூரில் எங்களுக்கு ஓய்வே இல்லை. இந்த வருஷம் சங்கிலி போட்ட சோளக்காடு அடுத்த வருஷம் போனால் சுவரும் தகரக் கூரையுமாக நிற்கும். அப்படி ஒரு பங்குனி மாதத்தில், நான் பிறந்த வளவுக்குப் பக்கத்துக் காட்டை அளக்கும்படி உத்தரவு வந்தது. பருத்தி வியாபாரி ஒருவர் அந்தக் காட்டை வாங்கி, அதில் பருத்தி அரைக்கும் ஜின்னிங் பேக்டரி கட்ட மனுப் போட்டிருந்தார்.

வளவு அவிநாசி ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. முப்பது குடிசை இருக்கும். எல்லாரும் பக்கத்துக் காடு தோட்டங்களில் கூலி வேலை செய்கிறவர்கள். நான் வேலை கிடைத்த பிறகு ஆபீசுக்குக் கிட்டத்தில் குடிவந்துவிட்டேன். என் அக்கா அங்கேயேதான் இருந்தாள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள்.

வளவுக்குக் குடிதண்ணீர் அந்தக் காட்டு மூலையில் இருந்த கிணற்றில்தான். கிணறு காட்டுக்காரருடையது. அவருடைய தகப்பனார் காலத்திலிருந்து எங்கள் ஆட்கள் அதில் இறைத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் எழுதி வாங்கவில்லை, யாரும் எழுதிக் கொடுக்கவும் இல்லை. சுற்றியிருந்த மற்றத் தோட்டத்துக் கிணறுகளில் நாங்கள் கயிறு போட முடியாது. சிறுவாணிக் குழாய் ஊருக்குள் வந்திருந்தாலும் எங்கள் பக்கம் வரவில்லை. அந்த ஒரு கிணறுதான்.

காட்டை விற்றபோது காட்டுக்காரர் வளவுக்காரர்களிடம், "கெணறு எங்கீப்பா போகப் போவுது? நீங்க எப்பவும் போல எறச்சுக்குங்க" என்றாராம். அவர் பொய் சொல்ல வேண்டும் என்று சொன்னதாக நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. விற்றுவிட்டுப் போகிறவர் ஆறுதலுக்கு ஏதாவது சொல்வார் அல்லவா, அப்படிச் சொன்னதாகத்தான் இருக்கும். ஆட்சேபணை இருந்தால் பதினைந்து நாளுக்குள் எழுத்தில் கொடுக்கலாம் என்று முனிசிபல் நோட்டீசும் ரோட்டோரத்துப் புளியமரத்தில் ஒட்டப்பட்டிருந்தது. அதில் சர்வே நம்பர் போட்டிருந்தது. எங்கள் ஆட்களுக்குக் காட்டைத் தெரியும், நம்பரைத் தெரியாது.

நாங்கள் அளக்கப் போன சமயம் வளவில் மாரியம்மன் நோம்பி சாட்டித் திருவிழா தொடங்கியிருந்தது. கோயிலுக்கு முன்னால் கம்பம் நட்டுவிட்டால், அதைப் பிடுங்குகிற வரைக்கும் பதினைந்து நாள் தினமும் காலையில் பெண்கள் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். இது எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் வளவில் மட்டும் கூட ஒரு கட்டுப்பாடு இருந்தது. கம்பத்துக்குத் தண்ணீர் எடுக்கிற கிணற்றில் அந்தப் பதினைந்து நாளும் வீட்டுக்கு இறைக்கக் கூடாது. உருளையைக் கழற்றிக் கோயிலில் வைத்துவிடுவார்கள். கிணற்று வாய்க்குக் குறுக்கே வேப்பந்தழையும் முள்ளும் போட்டு மூடிவிடுவார்கள். விடியற்காலையில் பூசாரி மட்டும் முள்ளை விலக்கி, கம்பத்துக்கு வேண்டிய தண்ணீரைச் சேந்திக் கொடுத்துவிட்டு மறுபடியும் மூடிவிடுவார். வீட்டுக்கு வேண்டிய தண்ணீரை, தூரத்துத் தோட்டத்தில் மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைக்கும்போது வாய்க்காலில் பிடித்துவந்து ஒப்பேற்றிக்கொள்வார்கள்.

நாங்கள் போனபோது வெயில் ஏறிவிட்டது. வியாபாரியின் காரியக்காரர் குடையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். வடக்கு எல்லைக்குச் சங்கிலியை இழுத்துக்கொண்டு போனேன். எல்லைக் கல் எங்கே இருக்கிறது என்று தேடினால், அது கிணற்றைத் தாண்டி வளவுப் பக்கம் புதருக்குள் இருந்தது. குனிந்து குச்சியை ஊன்றும்போது எனக்குப் புரிந்துவிட்டது. கிணறு பேக்டரி இடத்துக்குள் வருகிறது. காட்டுக்காரர் சொன்னதை நம்பி, கிணற்று மூலை விலையில் சேரவில்லை என்றுதான் வளவில் எல்லாரும் நினைத்திருந்தார்கள். எனக்கு மட்டும் தெரிந்தது.

சர்வேயர் கிணற்றுப் பக்கம் வந்தார். காய்ந்துபோன வேப்பந்தழை, முள், உருளை இல்லாத இரண்டு கல்தூண். சுற்றிலும் ஈரமே இல்லை.

"இந்தக் கிணறு புழக்கத்தில் இருக்கா?" என்று கேட்டார்.

"எங்கீங்க சார், முள்ளப் போட்டு மூடிக் கெடக்குது பாருங்க. ஆடு கீடு உழுந்திருமின்னு போட்டிருப்பாங்க" என்றார் காரியக்காரர்.

சர்வேயர் என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். கேட்கிற பார்வைதான் அது. அவர் நல்ல மனிதர். என்னைக் கடிந்து பேசினவரே இல்லை. நான் சொல்லியிருக்கலாம். 'நோம்பி சாட்டியிருக்குதுங்க, அதனால மூடியிருக்குதுங்க' என்று சொன்னால் போதும். காது சூடாயிற்று. குனிந்து கையிலிருந்த கண்ணியைப் பார்த்தேன்.

"கிணறு, வடக்குக் கல்லிலிருந்து முப்பத்தாறு கண்ணிங்க" என்றேன்.

அவர் நோட்டில் சின்ன வட்டம் போட்டுப் பக்கத்தில் 'பாழ்கிணறு' என்று எழுதினார்.

சங்கிலியைச் சுருட்டும்போது வளவுப் பக்கம் பார்த்தேன். அக்கா கோயில் வேம்புக்குக் கீழே குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். கையை நெற்றிக்கு வைத்து வெயிலை மறைத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கை காட்டவில்லை. வேலையாக வந்த இடத்தில் என்னவோ கூச்சமாக இருந்தது.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று அன்றைக்கு நினைத்தேன். மறுநாள் சர்வேயர் வேறு வேலையாக இருந்தார். அதற்கு மறுநாள் அவர் பிளானுக்கு மை போட்டுக்கொண்டிருந்தார். அவர் மேஜைக்கு இரண்டு தடவை போனேன். "என்னப்பா?" என்று கேட்டார். "சங்கிலிக்கு எண்ணெய் போடணுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எப்படியும் வளவுக்காரர்கள் ஆட்சேபணை கொடுப்பார்கள், பெரியவர்கள் யாராவது வந்து கேட்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர்களுக்குத் தெரியாததற்கு எப்படி ஆட்சேபணை கொடுப்பார்கள் என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்கப் பிடிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

கமிட்டி கூடிய அன்று, பிளானை விரித்துப் பிடிக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். அது சுருட்டி வைத்த காகிதம், விட்டால் மறுபடியும் சுருண்டுகொள்ளும். மேஜையின் இரண்டு மூலையையும் நான் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்க, மெம்பர்கள் சுற்றிலும் நின்று பார்த்தார்கள். பஞ்சுத் தூசி எந்தப் பக்கம் போகும், வண்டி திரும்ப ரோடு போதுமா, தீப்பிடித்தால் தண்ணீருக்கு என்ன வழி என்று நிறையக் கேள்வி கேட்டார்கள். ஏனோதானோ என்று பார்த்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஒருவர் அந்தச் சின்ன வட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"இதென்னங்க?"

"பாழ்கிணறுங்க" என்றார் சர்வேயர்.

"சனம் எதாச்சும் பொழங்குதா?"

"ஆட்சேபணை ஒண்ணும் வரலீங்க" என்றார் முனிசிபல் மேனேஜர்.

"அப்ப வேலிக்குள்ளயே இருக்கட்டும். தொறந்து கெடந்தா எவனாச்சும் உழுந்து தொலைவான்" என்றார் இன்னொரு மெம்பர். எல்லாரும் சிரித்தார்கள்.

என் இடது கைக் கட்டைவிரல் அந்த வட்டத்துக்கு நாலு விரற்கடை தள்ளி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வாய்க்குள் வார்த்தை வந்ததா என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கை வியர்த்து, காகிதத்தில் ஈரம் பட்டுவிட்டது. அதுமட்டும் நினைவிருக்கிறது. லைசென்ஸ் கொடுக்கலாம் என்று தீர்மானம் ஆயிற்று. கையை எடுத்தேன், பிளான் சுருண்டுகொண்டது.

நோம்பி முடிந்து கம்பத்தைப் பிடுங்கி, வழக்கம்போல அதே கிணற்றில் விட்டார்கள். உருளையை மாட்டிப் பெண்கள் பழையபடி இறைத்தார்கள். ஒரு மாதம் போலத்தான் அது நடந்தது. பிறகு கல்தூண் நட்டு முள்கம்பி கட்டினார்கள். அன்றைக்கே அக்கா நடந்து என் வீட்டுக்கு வந்தாள்.

"கண்ணு, கெணத்தையும் சேத்து வேலி போட்டுப்போட்டாங்க. கேட்டா ஆபீசு உத்தரவுங்கறாங்க. அங்க என்னமோ தப்பா எழுதிப்போட்டாங்களாட்ட இருக்குது. நீதான் ஆபீசுலயே இருக்கறியே, ஒரு வார்த்த கேட்டுப் பாரு."

"கேட்கறேன் அக்கா" என்றேன்.

அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் சர்வேயரிடம் சொன்னேன். என் ஆயுசிலேயே நான் ஒரே மூச்சில் பேசியது அதுதான். நோம்பி, கம்பம், முள், பூசாரி என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா? உன்னைத் திரும்பிப் பார்த்தேனே" என்றார். அதட்டவில்லை. அதட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

அவர் சொன்னபடி நானே ஒரு மனு எழுதினேன். என் கோணல் எழுத்தில் இரண்டு பக்கம். வளவுக்காரர்கள் கைநாட்டு வைத்தார்கள். அவரும் அடியில் ஒரு குறிப்பு எழுதி அனுப்பினார். கொடுத்த கெடுவுக்குள் ஆட்சேபணை வராததால் தீர்மானத்தை மாற்ற முகாந்திரம் இல்லை என்று பதில் வந்தது. குழாய் வேண்டுமானால் தனியாக மனுச் செய்துகொள்ளலாம் என்றும் அதில் இருந்தது. அந்த மனுவையும் எழுதினேன். குழாய் இன்னும் வரவில்லை.

பேக்டரி கட்டி முடிந்து, வரி போடுவதற்காக மறுபடியும் அளக்கப் போனோம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அது சூடாகாமல் இருக்கக் கிணற்றுக்குள் குழாய் இறக்கித் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எஞ்சின் டிரைவர் பெருமையாக, "என்ன இறச்சாலும் வத்தறதில்லீங்க, நல்ல ஊத்து" என்றார். திரும்பி வரும்போது அவர் எனக்கு முன்னால் வேகமாக நடந்தார்.

அன்று நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் வாய்க்கால் தண்ணீரைத் துணி கட்டி வடித்துக்கொண்டிருந்தாள். அந்தத் தோட்டத்தில் கவலை ஓட்டாத நாட்களில் ரயில் பாதையைத் தாண்டிப் போய், யாராவது இறைத்து ஊற்றுகிற வரைக்கும் காத்து நிற்க வேண்டும். எல்லாவற்றையும் சொன்னேன். கல் எங்கே இருந்தது, சர்வேயர் எப்படிப் பார்த்தார், நான் என்ன சொன்னேன், என்ன சொல்லவில்லை என்று ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அவள் குடத்து வாயிலிருந்த துணியை எடுத்துப் பிழிந்து கொடியில் போட்டாள்.

"நீ அளக்கறப்ப நா பாத்துட்டு நின்னேன், கண்ணு. அன்னைக்குப் பெரியவிய நாலு பேரு ஆபீசுக்குப் போயி என்ன ஏதுன்னு கேக்கோணும்னு கெளம்புனாங்க. நாந்தான் வேண்டாமின்னேன். எந்தம்பியல்லோ சங்கிலி புடிக்கறான், நம்மளுக்கு ஒண்ணுன்னா அவஞ் சொல்ல மாட்டானா, நோம்பிய உட்டுப்போட்டு எதுக்குப் போறீங்கன்னு சொல்லிப்போட்டேன்."

அவள் குடத்தைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு வந்தாள்.

"வளவுல யாருகிட்டயும் இதச் சொல்லிப்போடாத" என்றாள். "நானுஞ் சொல்லலை."

அவள் இன்று வரை சொல்லவில்லை. இப்போதெல்லாம் அளக்கிற இடத்தில் கிணறு இருந்தால், சர்வேயர் என்னைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறார். நானும் பக்கத்துக் குடிசைகளில் விசாரித்துவிட்டு வந்து சொல்கிறேன். அதனால் வளவுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

போன நோம்பிக்குப் போயிருந்தேன். பெண்கள் வாய்க்கால் தண்ணீரைக் கொண்டுவந்து கம்பத்துக்கு ஊற்றினார்கள். கடைசி நாள் கம்பத்தைக் கொண்டுபோய் விடுவதற்கு அவர்கள் நொய்யல் வரைக்கும் நடக்க வேண்டியிருக்கிறது.

அக்கா எனக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தாள். எங்கிருந்து வந்த தண்ணீர் என்று எனக்குத் தெரியும். வாயில் படாமல் தூக்கிப் பாதி குடித்துவிட்டு, மீதியைக் குடத்திலேயே ஊற்றச் சொல்லி நீட்டினேன். அவள் கையை நீட்டி வாங்கவில்லை.

"முழுசாக் குடிச்சுப்போடு, கண்ணு" என்றாள். "உனக்குன்னுதான் மோந்தேன்."

குடித்தேன்.