முள்ளுப் பெட்டி

ஏற்காட்டில் கடல் இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். இருந்தது. எங்கள் லாட்ஜின் வரவேற்பறையில், சாவி மாட்டும் பலகைக்குக் கீழே, மூன்றடி நீளத்துக்கு இருந்தது. அதில் வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு நிற மீன் இரண்டும், அவை குடியிருக்கும் கடல் சாமந்தி ஒன்றும் வாழ்ந்தன. பெயர்தான் சாமந்தி, உண்மையில் அது பூவல்ல, உயிர். சாமிக்குப் போட முடியாத சாமந்தி எதற்கு என்பது அம்மாவின் நிரந்தரக் கேள்வி.

தொட்டி அண்ணனுடையது. லாட்ஜைப் பார்த்துக்கொள்ள மாட்டேன், ராமேசுவரம் பக்கம் மீன் பண்ணையில் வேலைக்குப் போகிறேன் என்று அண்ணன் சொன்ன நாளில் அப்பா போட்ட சத்தத்தில், மேல் அறையில் தங்கியிருந்த புதுமணத் தம்பதி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். "ஊரே நம்ம ஊட்ல வந்து தங்கிட்டுப் போவுது. இவன் மீனுக்குச் சோறு போட ஊரை விட்டுப் போறானாமா!" என்றார் அப்பா. அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டது. தொட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியாதே, அதனால் அது மட்டும் இங்கேயே நின்றுவிட்டது.

அதற்கப்புறம் அப்பாவும் அண்ணனும் பேசிக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவின் போனுக்கு அண்ணன் கூப்பிடும். அம்மா பேசி முடித்ததும் என் முறை. "பாப்பா, உப்பு எவ்வளவு?" என்று கேட்கும். நான் அப்பாவைப் பார்ப்பேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே "இருபத்தஞ்சுன்னு சொல்லு" என்பார். நான் சொல்வேன். ஆறு மாதமாக அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடந்த பேச்சு மொத்தமும் அந்த ஒரே எண்தான்.

அந்த எண்ணைக் காட்டியது ஒரு பிளாஸ்டிக் பெட்டி. உள்ளங்கை அகலம், உள்ளே ஆடும் ஒரு முள். தொட்டித் தண்ணீரை மொண்டால், உப்புக்கு ஏற்றபடி முள் மிதந்து எழும்பி ஓர் எண்ணைக் காட்டும். இருபத்தைந்தில் நின்றால் கடல் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். ஏறிவிட்டால் நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். ஏனென்றால் ஆவியாகிப் போவது தண்ணீர்தான், உப்பு எங்கேயும் போகாது. முள்ளில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் பொய் சொல்லும், தட்டிவிட வேண்டும். இதையெல்லாம் பத்து வயதில் நான் வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். எனக்கு எதிலும் கணக்கு சரியாக இருக்க வேண்டும். தப்பைப் பார்த்தால் வாய் சும்மா இருக்காது. இன்றைக்கும் அப்படித்தான், வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

மார்கழி வந்தது. எங்கள் ஊர் மார்கழியில் துவைத்துப் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது. வரவேற்பறை ஒரே இருட்டு. அப்பா பெட்டியில் தண்ணீரை மொண்டு, வெளிச்சத்துக்காக வாசல் கைப்பிடிச் சுவரில் கொண்டுபோய் வைத்து, முள் நிலைக்கட்டும் என்று பக்கத்தில் நின்று டீ குடிப்பார். டீ முடிந்ததும் குனிந்து பார்ப்பார். இருபத்தெட்டு. உடனே இரண்டு சொம்பு கடல் தண்ணீரை எடுத்துவிட்டு இரண்டு சொம்பு நல்ல தண்ணீர். இருபத்தைந்துக்கு இறங்கும். அடுத்த வாரம் குளிர் இன்னும் கூடும், முள் மறுபடி ஏறும். மறுபடி சொம்பு.

சாமந்தி சுருங்க ஆரம்பித்தது. விரிந்த கைபோல இருந்தது மூடிய முஷ்டியாகி, மீன் இரண்டும் போக்கிடம் இல்லாமல் அதன் ஓரமாகவே நின்றன. அப்பா நாளுக்குப் பத்துத் தடவை தொட்டி முன்னால் வந்து நிற்பார். ரூம் கேட்டு வந்தவர்கள் மணியைத் தட்டினால்கூடத் திரும்ப மாட்டார். பயந்துபோயிருந்தார் மனுஷன். "உங்கண்ணங்கிட்ட இதைச் சொல்லிப்போடாதே சாமி" என்று என்னிடம் சொன்னபோது அவர் குரலே சரியில்லை. அண்ணன் விட்டுப்போனதில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதுவும் போய்விட்டால், ஞாயிற்றுக்கிழமை கேட்பதற்கு என்ன இருக்கும்?

ஞாயிறு வந்தது. அண்ணன் கேட்டது. "இருபத்தஞ்சுன்னு சொல்லு" என்றார் அப்பா. நான் சொன்னேன். சொல்லிவிட்டு வாயை மூடியிருக்கலாம்.

"ஆனா நேத்து இருபத்தெட்டுங்கண்ணா. பூ சுருங்கிப் போச்சு."

அப்பா பேப்பரை மடித்தார். அண்ணன் அடுக்கடுக்காகக் கேட்டது. குமிழியைத் தட்டினீங்களா? தட்டினோம். பெட்டியை எங்கே வைத்துப் பார்க்கிறீங்க? வாசல் சுவரில். எவ்வளவு நேரம்? அப்பா டீ குடிக்கிற வரைக்கும். பிறகு "போனை அப்பாகிட்ட குடு" என்றது.

அப்பா கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். ஸ்பீக்கர் போட்டபடியே இருந்தது.

"அப்பா, தண்ணி குளுந்தா கனம் கூடும். அது முள்ளைத் தூக்கிக் காட்டும். உப்பு கூடலைங்கப்பா, குளுருதான் கூடிருக்குது. தொட்டிக்குள்ள ஹீட்டர் இருக்குது, வெளிய இல்லைங்களே. மொண்ட கையோட அங்கியே வெச்சுப் பாருங்க."

பார்த்தோம். இருபத்தொன்று.

"அப்ப நான்தான் நல்ல தண்ணியா ஊத்திக் கொன்னுட்டனா?" என்றார் அப்பா.

"சாகலைங்கப்பா. மெதுவா ஏத்திக்கலாம். ஒரே நாள்ல ஏத்தினா தாங்காது. தினம் அரைப் புள்ளி. சாயங்காலம் கூப்பிடுங்க, நான் சொல்றேன்."

எட்டு நாள். தினம் சாயங்காலம் ஏழு மணிக்கு அப்பா தன் போனிலிருந்தே கூப்பிட்டார். வாளியில் அண்ணன் வைத்துப்போன கடல் உப்புப் பொடியைக் கரைத்தார், சொம்பு சொம்பாக ஊற்றினார், எண்ணைச் சொன்னார். பேச்சு எண்ணைத் தாண்டி மெல்ல நகர்ந்தது. சாப்பிட்டியா? அங்கே மழையா? ஐந்தாம் நாள் சாமந்தி ஒரு விரலை நீட்டியது. எட்டாம் நாள் மீன் இரண்டும் அதற்குள் போய்ப் படுத்துக்கொண்டன. நான் கைதட்டிக் குதித்தேன். அப்பா சிரிக்கவில்லை. "நாளைக்கு ஏத்த வேண்டியதில்லைல்ல?" என்று மட்டும் போனில் கேட்டார்.

பொங்கலுக்குள் அண்ணனிடமிருந்து கூரியரில் புதுக் கருவி வந்தது. சின்ன டார்ச் லைட் அளவுக் குழாய். நுனிக் கண்ணாடியில் இரண்டு சொட்டு விட்டு, குமிழி இல்லாமல் மூடி, அரை நிமிஷம் பொறுத்து, வெளிச்சத்தைப் பார்த்தபடி கண்ணில் வைத்தால், நீலமும் வெள்ளையும் சேரும் கோட்டில் எண் தெரியும். இந்தக் குளிரெல்லாம் அதை ஏமாற்றாது. இதில் கணக்கு வேறு, முப்பத்தைந்து வர வேண்டும். அளவு தெரிந்த உப்புத் தண்ணீர் ஒரு குப்பியில் கூடவே வந்திருந்தது. முதலில் அதை விட்டுப் பார்த்துக் குழாயைச் சரிசெய்துகொள்ள வேண்டும், வெறும் தண்ணீரில் சரிபார்த்தால் போதாது என்று அண்ணன் அரைமணி நேரம் விளக்கியது. அப்பாவும் நானும் ஒரே தடவையில் கற்றுக்கொண்டோம்.

மறுநாள் சாயங்காலம் நான் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார். முப்பத்தைந்து, கோடு போட்ட மாதிரி. அப்பா போனை எடுத்தார்.

"முப்பத்தெட்டு காட்டுதுப்பா. எங்கியோ தப்புப் பண்றேன்னு நெனைக்கறேன்."

எனக்கு வந்ததே கோபம்! குழாயைப் பிடுங்கி மறுபடி பார்த்துவிட்டு, "இல்லீங்கண்ணா, முப்பத்தஞ்சுதான்! அப்பா தப்பாச் சொல்றாங்க!" என்று கத்தினேன்.

அப்புறம் அண்ணன் நிதானமாக, "பரவால்லைங்கப்பா. உக்காருங்க. மொதல்ல அந்தக் கண்ணாடியைத் தொடைங்க. மொதல்ல இருந்து சொல்றேன்" என்றது. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஏற்கெனவே துடைத்திருந்த கண்ணாடியை மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

இரண்டு பேருமே என்னை மதிக்கவில்லை என்று எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அப்பாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போகச் சொல்லி அம்மாவிடம் அடம்பிடித்தேன். "அந்தக் கண்ணுக்கெல்லாம் ஒரு கொறையும் இல்ல, போய்ப் படி" என்றாள் அம்மா. சரி, நாமே வழி பண்ணுவோம் என்று, கணக்கு நோட்டிலிருந்து தாளைக் கிழித்து, சிவப்பு ஸ்கெட்ச்சில் 35 என்று பெரிதாக எழுதி, தொட்டிக்கு நேர் மேலே ஒட்டி வைத்தேன்.

மறுநாள் ஏழு மணிக்கு அப்பா அந்தத் தாளுக்கு நேர் கீழே நின்று, அதை ஒரு தடவை நன்றாகப் படித்துவிட்டு, போனில், "முப்பத்தாறரை காட்டுதுப்பா" என்றார். இந்த மனுஷனுக்குக் கணக்கு வரவே வராது என்று அன்றைக்கு நான் முடிவுகட்டினேன்.