பொய்ப்பல் கட்டாத ட்ரம்பெட்காரர்

அந்த பப் மனேஜரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எழுபதுகளின் நடுப்பகுதி. கிழமை நாட்களில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமை மத்தியானங்களில் நான் குடியேறிய வெள்ளைக்கார நாட்டில், டண்டினொங் என்ற ஊரில் ஒரு பப்பில் பியானோ வாசித்தேன். யாழ்ப்பாணத்துத் தேவாலயத்தில் பழகிய கை. ஜாஸ் முதலில் சண்டித்தனம் பண்ணிப் பிறகுதான் வழிக்கு வந்தது.

ஒரு குளிர்காலம் முழுவதும் என்னோடு ட்ரம்பெட் வாசித்தவர் ஒரு ஜப்பானியர். தன் ஊரில் தொலைக்காட்சியில் பேர்போன நகைச்சுவைக்காரர். இங்கே ஒரு நிரந்தர மேடை கிடைத்தால் மனைவி பிள்ளைகளைக் கூப்பிடலாம் என்று நம்பியிருந்தார். அவர் சிரிக்க வைக்கிற விதமே வேறு. செத்தவீட்டுக்கு வந்தவர்போல முகத்தை வைத்துக்கொண்டு ஒரு சோக மெட்டை உருக்கமாக வாசிப்பார். ஒரே ஓர் இடத்தில் சுரம் கோணிப்போகும். உடனே ட்ரம்பெட்டைத் திருப்பி, பிள்ளையைக் கண்டிக்கிற தகப்பன் மாதிரி முறைப்பார். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அந்த ஒரு பிழையைச் சரியான இடத்தில் விடுவதற்காக மணிக்கணக்கில் பழகுவார்.

மனேஜருக்கு அது போதவில்லை. ஒரு சனிக்கிழமை, சனம் நிறைந்திருக்க, மேடைக்கு வந்து ஜப்பானியரைக் கேலி பண்ணப் போடுகிற ஒரு துருத்திய பொய்ப்பல்லையும் கடதாசித் தொப்பியையும் பியானோவின்மேல் வைத்தான்.

“இதைப் போட்டுக்கொண்டு வாசி. இல்லையென்றால் இனி வராதே” என்று அவரிடம் சொன்னான்.

கீழே விசிலடித்தார்கள். வெட்கம் கெட்டவன்! ஒரு சிரிப்புக்காக அந்த மனிதர் பட்ட பாடு அவனுக்கு எங்கே தெரியப்போகிறது?

அவர் பல்லைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பல்லை வைத்துவிட்டு, ட்ரம்பெட்டைத் துடைத்துப் பெட்டியில் போட்டு மூடினார். சபையைப் பார்த்துக் குனிந்து வணங்கினார். அதற்கும் சிரித்தார்கள், பாவிகள். அவர் பின்கதவால் போய்விட்டார். பிறகு நான் அவரைக் காணவேயில்லை.

வீட்டுக்கு வந்து, குசினிக் கதிரையில் இருந்தபடி கத்தித் தீர்த்தேன். அவனெல்லாம் ஒரு மனுசனா, அதுகளெல்லாம் சனமா, இதுவும் ஒரு நாடா என்று தேத்தண்ணீர் ஆறும்வரை கத்தினேன். மனைவி குறுக்கிடாமல் எல்லாவற்றையும் கேட்டாள்.

“சரியப்பா, அந்த மனுசன் வெளியால போகேக்க நீங்கள் என்ன செய்தனீங்கள்?”

ஆறிப்போன கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

“மனேஜர் வாசிக்கச் சொல்லிக் கை காட்டினவர்,” என்றேன். “வாசிச்சனான்.”