பனி தாங்கல

நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. திருவனந்தபுரத்தில் நான் நர்சிங் படித்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குப் பாடம் சொல்லித்தரக் கடல் கடந்து ஒரு மதாம்மா வந்தார். நோயாளியின் பாஷை தெரியாதவள் பாதி நர்ஸ்தான் என்பார். சொன்னதோடு நில்லாமல் தானும் மலையாளம் கற்றார். முதலில் கற்ற சொல் ‘பனி’. மலையாளத்தில் அது காய்ச்சல்.

ஒரு மார்கழிக் காலை. முந்தின நாள் பிள்ளை பெற்ற பொன்முடித் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்க்காரி ஒருத்தி ஜன்னலைக் காட்டி, “பனி தாங்கல தாயி” என்றாள். மதாம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஒரு சொல் பிடிபட்டுவிட்டதல்லவா! தெர்மாமீட்டரும் அவர் கட்சியில் சேர்ந்துகொண்டு லேசாகச் சூடு காட்டியது. காய்ச்சல்காரி காற்றுக் கேட்கிறாள் என்று ஜன்னலை அகலத் திறக்கச் சொல்லி, பச்சைத்தண்ணீரில் துணி நனைத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

தண்ணீர்ப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். அவள் சொன்னது தமிழ்ப் பனி என்று எனக்குத் தெரியும். அப்பா கிழக்கேகோட்டை ஜவுளிக்கடையில் கணக்கர். பூர்வீகம் நாஞ்சில் நாடு; வீட்டில் தமிழ்தான். ஆனால் அது தமிழர், மலையாளி எல்லைச் சண்டை சூடாக இருந்த நேரம். ஹாஸ்டலில் தமிழ் பேசினால், “பாண்டி வந்நல்லோ” என்று கூடப் படித்த பெண்கள் சிரிப்பார்கள். பாண்டி என்பது தமிழர்களுக்கு அவர்கள் வைத்த கேலிப் பெயர். அதனால் தமிழை வீட்டோடு விட்டுவிட்டேன். அந்தப் பெண்கள் எல்லாரும் இப்போது கட்டிலைச் சுற்றி நின்றார்கள். வாயை மூடிக்கொண்டேன். பெரிய மானம்! நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அவளுக்குப் பல் தந்தியடித்தது. பக்கத்தில் குழந்தை பாலுக்கு அழுதது. நடுங்கும் கைகளால் அவளால் அதைத் தூக்க முடியவில்லை. அதற்குமேல் என்னால் முடியவில்லை. அது காய்ச்சலில்லை, குளிரைச் சொல்கிறாள் என்று இங்கிலீஷில் கத்திவிட்டு ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன்.

மதாம்மாவின் வெள்ளை முகம் இன்னும் வெளுத்துப்போயிற்று. கம்பளி போர்த்தி, அவள் பாதங்களைத் தன் கைகளாலேயே தேய்த்துச் சூடேற்றினார். மன்னிக்கச் சொல், அவள் பாஷையில் சொல் என்று என்னிடம் கெஞ்சினார். சொன்னேன். வார்டில் நான் பேசிய முதல் தமிழ் அது.

தோட்டத்துக்காரி மதாம்மாவின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“விடுங்கம்மா. நீங்க வெள்ளக்காரவுக, ஒங்களுக்கு என்ன தெரியும்?”

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“ஒனக்குத் தெரியும்ல தாயி?”

ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சுற்றிலும் அந்தப் பெண்கள். “அதெ” என்று மலையாளத்தில்தான் வந்தது.