கழுவக் கழுவக் கறுத்த கைகள்

எனக்கு அப்போது இருபது வயது. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளை ஒட்டியிருந்த ஓர் ஓலைக்கூரைப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராகப் போனேன். போட்டிருந்த கோட்டு அக்கா புருஷனுடையது; அதற்குள் இன்னொரு வாத்தியாரும் தாராளமாக இருக்கலாம். முதல் நாள் தோல் வாடை தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டே பாடம் நடத்தினேன். மறுநாள் பிள்ளைகள் அத்தனை பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து எனக்கு வணக்கம் சொன்னார்கள். கேலி இல்லை, பாடம் என்றால் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள்.

வேலூர் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் விதி, காலையில் பிள்ளைகளின் கைகளைப் பார் என்பது. பார்த்தேன். பாதிப் பேருக்கு உள்ளங்கை மஞ்சளும் பழுப்புமாக இருந்தது. கிணற்றடியில் கழுவிவரச் சொன்னேன். போனவர்கள் கரிச்சட்டி தேய்த்தவர்கள்போலக் கறுத்த கையோடு திரும்பினார்கள். மறுபடி அனுப்பினேன், இன்னும் கறுப்பாக வந்தார்கள். புது வாத்தியாரை ஆழம் பார்க்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். முன்கோபம் என் கூடவே பிறந்தது. இரண்டு வாரம் பிரம்புக்கு ஓய்வே இல்லை.

வகுப்பில் ஒரே ஒரு பெண்பிள்ளை. எட்டு, ஒன்பது வயதிருக்கும். கணக்கை நான் சொல்லி முடிக்கும் முன்னே விடையைச் சொல்லிவிடுவாள். அவள் கைதான் எல்லாரையும்விட மோசம். ஒரு நாள் மூன்று முறை கழுவ அனுப்பியும் கறுப்பாகவே நீட்டினாள், அடித்துவிட்டேன். அவள் அழவில்லை. மறுநாள் வரவில்லை. நான்கு நாள் ஆகியும் வரவில்லை. பெண்பிள்ளை ஒரு தடவை நின்றால் நின்றதுதான், ஷாப்பு விழுங்கிவிடும் என்றார் எதிர்க் கடைக்காரர். அவளைத் திரும்பக் கொண்டுவராவிட்டால் நான் என்ன வாத்தியார் என்று மனசு அரித்தது.

ஐந்தாம் நாள் ஷாப்புக்கே போனேன். அவளும் அவள் அம்மாவும் கல்லால் கடுக்காய் நசுக்கிக்கொண்டிருந்தார்கள். தோல் ஊறவைக்கக் கடுக்காய்த் தண்ணீர் வேண்டும். என் பிள்ளைகளில் பாதிப் பேர் விடிகாலையில் இந்த வேலையை முடித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் வருகிறார்களாம். கடுக்காய்க் கறை இரும்பில் பட்டால் கறுத்துவிடும், அதனால் ஷாப்பில் மரத்தொட்டியும் மண்பானையும்தான், இரும்பு வாளியை உள்ளே விடவே மாட்டோம் என்றாள் அம்மா. எங்கள் கிணற்றடியில் இருந்ததோ துருப்பிடித்த இரும்பு வாளி. கடுக்காயோடு அன்னபேதி என்கிற இரும்பு உப்பைச் சேர்த்து மசி காய்ச்சுவது எப்படி என்று பரீட்சையில் எழுதித் தேறியவன் நான். அந்த மசியைத் தொட்டுத்தான் நாலு நாளாக அவள் பெயருக்கு நேரே வரவில்லை என்று எழுதிக்கொண்டிருந்தேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்.

அடித்தது என் தப்பு, இனி அடிக்கமாட்டேன், அனுப்பி வையுங்கள் என்றேன். அந்தக் காலத்தில் வாத்தியார் வாயில் வராத பேச்சு அது.

"அடிக்கு பயந்து அவ நிக்கல வாத்தியாரே. எங்கிட்டயும்தான் தெனம் வாங்குறா. அவ கையப் பாத்தா நீங்க மூஞ்சிய சுளிக்கிறீங்களாம். அதான் வரமாட்டேங்குறா."

மகள் தலை நிமிராமல் நசுக்கிக்கொண்டே இருந்தாள்.

வாளியை எடுத்துவிட்டு மண்குடம் வைத்தேன். கை பார்க்கும் வழக்கத்தையும் விட்டேன். அடுத்த திங்கட்கிழமை அவள் வந்தாள். முன்போலவே விடையைச் சட்டென்று சொன்னாள். ஆனால் சிலேட்டை மட்டும் என் கையில் தரமாட்டாள். தரையில் வைத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டடி தள்ளி நிற்பாள். நானே கையை நீட்டிக் கேட்டும் பார்த்தேன். அந்த வருஷம் முழுக்கக் குனிந்துதான் எடுத்தேன். பெரும்பாலும் அதில் திருத்த ஒன்றும் இருக்காது.