இருபத்தொன்றாவது தலை

இதைக் கதை என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். இட்டுக்கட்டிப் பயம் காட்டுகிற அளவுக்கு எனக்கு மூளையும் கிடையாது, பொழுதும் கிடையாது. 1944, தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலை. கீழக்குயில்குடியிலிருந்து உசிலம்பட்டிப் பக்கம் போன அந்தப் பஸ்ஸில் நான் இருந்தேன். என் பெயர் சிவனாண்டி. பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

என் தங்கை ஜெயக்கொடியின் மகனுக்குக் காதுகுத்து. நான் தாய்மாமன். பிள்ளை என் மடியில் உட்கார்ந்தால்தான் ஊசியை எடுப்பார்கள். சீர்த்தட்டை எல்லோருக்கும் முன்னால் தூக்கி வருவது தாய்மாமன் பெண்டாட்டியின் உரிமை. எங்கள் பக்கம் அது சின்ன விஷயம் இல்லை.

என் பெண்டாட்டி மாயக்காள் வரவே மாட்டேன் என்றாள். கல்யாணமாகி ஒன்பது வருடம், பிள்ளை இல்லை. நல்ல காரியம் என்றாலே அவளை ஓரமாக நிறுத்துவதுதான் என் தங்கை மாமியாருக்கு வேலை. இந்தத் தடவை நான் விடவில்லை. "தட்டு ஒன் கையிலதான் இருக்கும். என் பக்கத்துலதான் நிப்ப. எவ என்ன சொல்றான்னு பாத்துருவோம்" என்றேன். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் பெட்டியைத் திறந்து கல்யாணச் சேலையை எடுத்துக் கட்டினாள்.

மாட்டு வண்டி கட்டாமல் பஸ் பேசலாம் என்று ஆசை காட்டியவன் காசிமாயன். சின்ன வயதிலிருந்து ஒரே தட்டில் சாப்பிட்டவன். அவன் அப்பாவுக்குப் பாடை தூக்கியவன் நான். கோரிப்பாளையத்தில் ஷெட் போட்டு ஒரு பஸ் வைத்திருந்தான். உலகச் சண்டைக் காலம், பெட்ரோல் கிடையாது. அதனால் கரி வண்டி. பஸ்ஸின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை இருக்கும். அதில் கரியைப் போட்டு, கைவிசிறியைச் சுற்றிச் சுற்றிக் கனலேற்றினால் புகை கிளம்பும். அந்தப் புகையில்தான் வண்டி ஓடும்.

வாடகையில் பாதி போதும் என்றான். ஒரே ஒரு நிபந்தனை.

"மாப்ள, இருபது தலதான். எல்லாரும் ஏறுனதும் ஒரு தடவ எண்ணிரு. கூட ஒண்ணு இருந்தா எறக்கி விட்டுரு. செக்கானூரணியில போலீஸ் நிப்பான்."

இப்படி ஒரு சிநேகிதன் யாருக்குக் கிடைப்பான் என்று அன்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

என்னையும் மாயக்காளையும் சேர்த்துச் சரியாக இருபது பேரைத்தான் அழைத்திருந்தேன். 4.10க்கு எல்லோரும் ஏறிவிட்டார்கள். நல்ல பனி. பெண்கள் முந்தானையால் தலையை மூடியிருந்தார்கள். இருந்தது ஒரே ஓர் அரிக்கேன் விளக்கு. எண்ணினேன்.

இருபத்தொன்று.

டிரைவர் கீழே நிற்கிறார், அவரைச் சேர்க்கவில்லை. மறுபடி எண்ணினேன். இருபத்தொன்று.

விளக்கை ஒவ்வொரு முகத்துக்கும் தூக்கிப் பிடித்திருக்கலாம்தான். ஆனால் சீருக்கு அழைத்து ஏற்றிய சொந்தத்தின் முகத்தில் விளக்கைக் காட்டி 'நீ யார்' என்று பார்த்தால், அந்த வீட்டு உறவு அன்றோடு முறிந்தது. யாரோ ஒருத்தர் கூட ஓர் ஆளைக் கூட்டி வந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பின்னால் டிரைவர் பக்கீர் முகமது விசிறியைச் சுற்றிக்கொண்டிருந்தார். கிர்ர்... கிர்ர்... கனல் நன்றாகவே ஏறியிருந்தது. முன்னால் வந்து, எஞ்சினைச் சுற்றிவிடும் ஹாண்டிலைப் போட்டார். வண்டி கிளம்பவில்லை. மறுபடி போட்டார். 4.40 ஆனது. 4.55 ஆனது. ஏழு மணிக்கு முகூர்த்தம். 

பக்கீர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எண்ணினீர்களா என்று கேட்டார். ஒன்று கூடுதலாக இருக்கிறது என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்ப ஒருத்தர எறக்கணும்ணே. எறக்குனாத்தான் வண்டி கெளம்பும்."

பாரத்தைச் சொல்கிறார் என்று நினைத்தேன். யாரை இறக்குவது? பெரியப்பாவை இறக்கினால் பஞ்சாயத்து வரும். சின்னாத்தா சீனியம்மாளை இறக்கினால் மண்ணை வாரித் தூற்றுவாள். சண்டைக்கு வராத ஆள் அந்தப் பஸ்ஸில் ஒருத்திதான். கடைசி சீட்டு, சின்னாத்தாவுக்கு அந்தப் பக்கம், சன்னல் ஓரம். மடியில் தட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

மாயக்காளை இறங்கச் சொன்னேன். தட்டை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கினாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஹாண்டிலை ஒரே சுற்று. வண்டி பிடித்துக்கொண்டது.

நகரும்போது இன்னொரு தடவை எண்ணினேன். இருபது. மணி 5.02.

நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு முன்னால், பின் சீட்டுகளைப் பார்க்கிற கண்ணாடியில் ஒரு பழந்துணி சுற்றிக் கட்டியிருந்தது. ஏன் என்று கேட்டேன். அவர் துணியை இன்னும் இறுக்கிவிட்டார்.

5.35. செக்கானூரணி தாண்டினோம். போலீஸ் யாரும் இல்லை. ஒரு நாய்கூட இல்லை.

அதற்கு அப்புறம் சாலை ஓரம் முழுக்கப் புளியமரம். விளக்கு அணைந்துவிட்டது. எல்லோரும் தூக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

5.48.

பின்னாலிருந்து சின்னாத்தாவின் குரல். அரைத் தூக்கம்.

"ஆத்தா மாயக்கா... தள்ளி ஒக்காரு. ஒடம்பு ஏன் இம்புட்டுச் சில்லுன்னு இருக்கு..."

மடியிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன்.

மாயக்காளை இறக்கியபோது சின்னாத்தா தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியாது.

அப்படியென்றால்... அவள் மேல் சாய்ந்திருப்பது யார்?

பக்கீர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "திரும்பாதீங்கண்ணே. விடியட்டும்."

திரும்பினேன்.

சன்னல் ஓரம், பனி வெளுப்பில், ஒரு தலை. முந்தானை போர்த்திய தலை. சின்னாத்தாவின் தோளில் சாய்ந்திருந்தது.

வண்டி தானாக மெதுவானது.

டக்... டக்... டக்...

பின் தகரத்தில்.

அப்புறம் இன்னொரு சத்தம். சாலையில். வண்டிக்குப் பின்னால். எதையோ இழுப்பது போல...

சர்ர்ர்...

சர்ர்ர்...

பக்கீரின் உதடு ஓதிக்கொண்டே இருந்தது.

6.15க்குக் காதுகுத்து நடக்கிற கோயில் வந்தது. வெளிச்சம் வந்துவிட்டது. நான் முதலில் இறங்கிப் படியோரம் நின்று எண்ணினேன். என்னோடு சேர்த்துப் பத்தொன்பது. கடைசியாக வந்தவள் சின்னாத்தா. அவள் தோள் நனைந்து கிடந்தது. கரிப்புகை வாடை அடித்தது. சன்னலோர சீட்டு காலி.

"மதினி எங்கண்ணே?" என்றாள் ஜெயக்கொடி. காய்ச்சல் என்று சொன்னேன். வராததே நல்லது என்று அவள் மாமியார் எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, என் கையிலிருந்த தட்டை வாங்கி வேறொருத்தியிடம் கொடுத்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஏழு மணிக்கு என் மடியில் காது குத்தினார்கள். பிள்ளை வீறிட்டு அழுதது எங்கோ தூரத்தில் கேட்பது போல இருந்தது.

சாப்பாடு முடிந்ததும் பக்கீரைப் பிடித்துக்கொண்டேன். அவர் மறைக்கவில்லை. போன ஆவணியில், இதே சாலையில், கல்யாணச் சீர் ஏற்றிப் போன ஒரு நடை. கடைசி சீட்டு சன்னலோரம் ஒரு பெண். உருளையில் எங்கோ ஓட்டை, கரிப்புகை உள்ளே கசிந்திருக்கிறது. அவள் சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை. வண்டிக்குள் சாவு என்று தெரிந்தால் தீட்டு, சீர் போய்ச் சேராது, கல்யாணம் நின்றுவிடும். அவள் புருஷன்தான் சொன்னானாம், இறக்கி வைத்துவிட்டுப் போவோம், திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று. அன்றைக்குக் கூடவே போயிருந்த காசிமாயன் சரி என்று ஒரு கை பிடித்திருக்கிறான். புளியமரத்தடியில் படுக்க வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது மரத்தடியில் அவள் இல்லை. ஒரு பர்லாங் தள்ளி, நடுச்சாலையில் செத்துக் கிடந்தாள். முழங்கை இரண்டும் தேய்ந்து போயிருந்தது. பஸ் போன தடத்திலேயே ஊர்ந்து வந்திருக்கிறாள்.

அதற்கப்புறம் எந்த நடைக்கும் ஒருவரை இறக்காமல் அந்த வண்டி கிளம்பியதில்லையாம். வேறு பிழைப்பு இல்லாததால் ஓட்டுகிறேன் என்றார்.

"எட்டு நடை ஆச்சுண்ணே. எட்டுத் தடவையும் அவங்கவங்க பொண்டாட்டியத்தான் எறக்கி விட்டாங்க. நான் எறங்கிக்கிறேன்னு இன்னும் ஒருத்தரு சொல்லல."

எனக்குத் தலை குனிந்துவிட்டது. அன்று சாயங்காலமே கோரிப்பாளையம் போனேன். காசிமாயன் ஷெட்டில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். தெரிந்தேதான் என்னை எண்ணச் சொன்னாயா என்று கேட்டேன். அவன் இல்லை என்று சொல்லவில்லை.

"வண்டி கெளம்புச்சுல்ல மாப்ள? சீரு நேரத்துக்குப் போச்சுல்ல? பெறகென்ன?"

அடிக்கத்தான் போனேன். கை எழவில்லை. அவன் இறக்கு என்றான், சரி. அவளை இறக்கியது நான்.

வீட்டுக்கு வந்தபோது மாயக்காள் சோறு போட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பயப்படவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. அவள் அதைப் பற்றி வாய் திறந்தது அந்த ஒரு தடவைதான்.

"எனக்குத் தெரியும். வண்டி நகந்தப்ப என் எடத்துல ஒருத்தி ஒக்காந்திருந்தா. என்னயப் பாத்ததும் எந்திரிச்சா. வா, வந்து ஒக்காருன்னு கையக் காட்டுனா. செத்தவ எனக்கு எடம் விட்டா. நீங்க எண்ணிக்கிட்டு இருந்தீங்க."