வெட்டு மேசையும் நெட்வொர்க் பரீட்சையும்

மும்பை செம்பூரில் ஒரு அலுவலகத்தின் ஹெல்ப் டெஸ்க்கில் ஒன்பது வருடம் இருந்தேன். பிரிண்டர் ஓடவில்லை, பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று யார் போன் செய்தாலும் எடுப்பது நான்தான். படித்தது பி.காம். கம்ப்யூட்டர் வேலையெல்லாம் பார்த்துப் பார்த்துப் பழகியது.

போன வருடம் ஒரு திங்கட்கிழமை மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு சர்டிபிகேட் பரீட்சை எழுத வேண்டும், செலவை ஆபீஸ் பார்த்துக்கொள்ளும் என்றார். எந்தப் பரீட்சை என்பதை அவரவரே முடிவு செய்து அடுத்த திங்களுக்குள் சொல்ல வேண்டும். முப்பத்தாறு வயதில் பரீட்சையா என்று பயமாக இருந்தது. ஆசையாகவும் இருந்தது.

வீட்டில் சொன்னதும் என் கணவருக்கு என்னைவிட உற்சாகம். அவர் கூரியர் கம்பெனியில் வேலை பார்க்கிறார். அன்றைக்கே நாலு வீடியோ பார்த்துவிட்டு, "க்ளவுட் எடு. எல்லாம் அங்கதான் போகுது" என்றார். மறுநாள் மாற்றிவிட்டார். "செக்யூரிட்டிதான் சரி. ஹேக்கர் பயலுவள பிடிக்கலாம்."

"நான் யாரப் பிடிக்கப் போறேன்? நீங்க பாஸ்வேர்ட மறந்தா திறந்து குடுக்கதே நான்தான்."

இரண்டிலும் இலவசப் பாடங்களைப் பார்த்தேன். க்ளவுட் பாடம் கேட்டபடியே பஸ்ஸில் தூங்கி இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கினேன். செக்யூரிட்டியில் திருட்டுக் கதைகள் பிடித்தன, மனப்பாடம் பிடிக்கவில்லை. நெட்வொர்க் என்று ஒன்றும் பட்டியலில் இருந்தது. ஆபீஸில் பக்கத்து இருக்கைப் பெண், "வோ தோ புரானா ஹோ கயா" என்று ஒதுக்கிவிட்டாள். பழசு என்றால் எனக்கும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதினி போன் செய்தார். என் அண்ணன் மனைவி. தாராவியில் எங்கள் வீட்டுக்கு நாலு சந்து தள்ளி ஸ்கூல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். பள்ளி திறக்கும் சமயம், ஞாயிறும் வேலை.

"ஏட்டி, நெட்டு வருது, போவுது. கடைக்காரன் அனுப்புத டிசைன் பாதியில நிக்கி. கம்பெனி ஆளுவ மூணு தடவ வந்து டப்பாவ மாத்திட்டுப் போயிட்டானுவ. நீ வந்து பாரேன்."

போனேன். மாடியில் எட்டு மிஷின்கள் கடகடத்துக்கொண்டிருந்தன. ஒரு துணிக்கட்டின் மேல் உட்கார்ந்து நெட் டப்பாவின் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அணைந்தது. எரிந்தது. மறுபடி அணைந்தது. பத்து நிமிடம் கழித்துத்தான் உறைத்தது: கட்டிங் மாஸ்டர் தன் மேசை மேல் சாய்ந்து துணியை வெட்டும்போதெல்லாம் விளக்கு அணைகிறது.

"மாஸ்டர், கொஞ்சம் கைய எடுங்க."

எடுத்தார். எரிந்தது.

"இப்ப சாயுங்க."

அணைந்தது. வேடிக்கை பார்க்க மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. "இன்னொரு தடவ, இன்னொரு தடவ" என்று தையல் பெண்கள் கூச்சல் போட்டார்கள். மாஸ்டரும் வித்தை காட்டுகிறவர் போலச் சாய்ந்து நிமிர்ந்து சாய்ந்தார். நான் மேசைக்கு அடியில் தவழ்ந்து போனேன். மேசைக் காலுக்குக் கீழே வயர் நசுங்கி, உள்ளே செம்பு தெரிந்தது.

அடுத்த சந்தில் புது வயர் வாங்கிவந்து, சுவர் ஓரமாக உயரத்தில் கொண்டுபோய் மாட்டினேன். மாஸ்டர் மேசை மேல் ஏறியே உட்கார்ந்து பார்த்தார். விளக்கு அசையவில்லை.

"மூணு பேரு வந்தானுவளே, ஒருத்தனாவது குனிஞ்சானா?" என்று மதினி என் தலையில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டார்.

வீடு திரும்பும்போது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஒன்பது வருடத்தில் எத்தனையோ பிரிண்டரைச் சரி செய்திருக்கிறேன். இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. எங்கே அறுந்திருக்கிறது என்று தேடிப் பிடிப்பதுதான் எனக்குப் பிடித்த வேலை என்பது அன்றுதான் தெரிந்தது.

"என்னங்க, நெட்வொர்க்தான்" என்றேன் கதவைத் திறந்ததும்.

"அது பழசுன்னு சொன்னியே?"

"இருக்கட்டுமே. உங்க க்ளவுட்டுக்கும் இந்த வயரு வழியாத்தான போவணும்?"

மறுநாளே பெயர் கொடுத்துவிட்டேன்.

மூன்று மாதம் படித்தேன். பெரிய நெட்வொர்க்கைச் சின்னச் சின்னதாகப் பிரிக்கும் கணக்குதான் ஆட்டிவைத்தது. கணவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேள்வி கேட்பார். கடைசியில் அவருக்கே பாதி விடை தெரிந்துபோயிற்று.

பரீட்சை மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு சென்டரில். கடைசிக் கேள்வியை முடித்துப் பட்டனை அழுத்தியதும் திரையில் 'பாஸ்' என்று வந்தது. "எம்மா!" என்று கத்திவிட்டேன். மேற்பார்வைக்கு இருந்தவர் ஓடிவந்து, "மேடம், ஆஸ்தே, ஆஸ்தே" என்று சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். திரையைப் பார்த்ததும் அவரும் சிரித்துவிட்டார். வெளியே கணவரும் மதினியும் நின்றிருந்தார்கள். மதினி நடுரோட்டில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பக்கத்து ஓட்டலில் மூன்று பேரும் நெய் ரோஸ்ட் சாப்பிட்டோம். எனக்கு மட்டும் இரண்டு.

இரண்டு வாரத்தில் ஆபீஸில் நெட்வொர்க் பிரிவின் தலைவி என்னை சர்வர் அறைக்குக் கூட்டிப்போனார். ஒன்பது வருடத்தில் கண்ணாடி வழியாக மட்டும் பார்த்த அறை. உள்ளே ஜில்லென்றிருந்தது. கொத்துக் கொத்தாக நீல வயர்கள். அறையை ஒட்டி ஒரு காலி மேசையைக் காட்டி, "கல் ஸே இதர் பைட்டோ" என்றார். நாளையிலிருந்து உன் இடம் இது.

நாளை வரைக்கும் எதற்கு? அன்று மதியமே டிபன் டப்பாவையும் பையையும் தூக்கிக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்துவிட்டேன்.