மூன்று பாஷையில் வாசித்த செய்தி

எங்கள் ஊர் போர்டு ஹைஸ்கூலில் டெர்ம் முடிகிற நாளன்று ஊரே பள்ளிக்கூடத்துக்குத் திரண்டு போகும். படிப்பின் மேல் இருந்த மரியாதை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கூட்டம் முடிந்ததும் வெல்லப் பொங்கல் கொடுப்பார்கள். அதற்கு முன்னால் ஹெட்மாஸ்டர் டெர்ம் செய்தி வாசிப்பார். பொங்கல் வேண்டுமென்றால் செய்தியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நகரிக்கும் புத்தூருக்கும் நடுவே மலையடிவாரத்தில் இருந்தது எங்கள் ஊர். பாதி வீடுகளில் தெலுங்கு, பாதி வீடுகளில் தமிழ். சண்டை என்று வந்துவிட்டால் எல்லோருக்கும் இரண்டும் வரும். அதனால் டெர்ம் செய்தியை மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. முதலில் ஹெட்மாஸ்டர் இங்கிலீஷில் வாசிப்பார். சித்தூரிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்து கேட்டால் பதில் சொல்ல வேண்டுமல்லவா, அதற்காக. பிறகு அவரே தெலுங்கில் சொல்வார். கடைசியில் தமிழய்யா எழுந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அதையே தமிழில் இரண்டு பங்கு நீளமாகச் சொல்வார். ஒவ்வொரு தடவையும் ஊர் கை தட்டும். இங்கிலீஷுக்குத்தான் பலமாகத் தட்டுவோம். புரியாத சங்கதியில் யார் குறை கண்டுபிடிக்க முடியும்?

செய்தி என்றால் பரீட்சையும் சடுகுடுவும் மட்டும் இல்லை. மேலத் தெருக் கிணறு தூர் வாரியதும், காணாமல் போன எருமை ஏரிக்கரையில் கிடைத்ததும், யார் வீட்டுக் கல்யாணம் எந்த மாதம் என்பதும் அதில் வரும். டெர்ம் செய்தியில் ஒன்று வந்துவிட்டால் அது நடந்த மாதிரிதான். பிறகு பேச்சு மாற முடியாது. ஹெட்மாஸ்டருக்கு இது நன்றாகத் தெரியும். ஒரு தடவை, பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு செய்து கொடுத்ததற்காக எண்ணெய்ச் செக்குக்காரருக்கு மூன்று பாஷையிலும் நன்றி சொன்னார். செக்குக்காரர் அதுவரை பெஞ்சைப் பற்றிக் கனவு கூடக் கண்டதில்லை. ஊரே திரும்பிப் பார்த்துக் கை தட்டியது. பாவம், எழுந்து கும்பிடு போட்டார். வீட்டுக்குப் போய் வேப்பமரத்தை வெட்டினார்.

எனக்கு அப்போது ஏழு, எட்டு வயது இருக்கும். ஹைஸ்கூல் காம்பவுண்டிலேயே ஒரு ஓரமாக இருந்த கூரைக் கொட்டகையில் இரண்டாம் வகுப்பு. அக்கா பெரிய பள்ளிக்கூடத்தில் நாலாம் ஃபாரம், இப்போதைய ஒன்பதாம் வகுப்பு. அங்கே படித்த பெண்கள் மூன்று பேர்தான். மற்ற இரண்டு பேரும் கம்பவுண்டர் வீட்டுப் பெண்கள். கணக்கில் அக்கா பையன்களையெல்லாம் தாண்டி முதலில் வந்துகொண்டிருந்தாள். ஸ்கூல் ஃபைனல் பாஸ் பண்ணிவிட்டு, சித்தூருக்குப் போய் டீச்சர் ட்ரெயினிங் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. இதை என்னிடம் மாட்டுக்கொட்டகையில் வைத்து ரகசியமாகச் சொன்னாள். நானும் யாரிடமும் சொல்லவில்லை. ட்ரெயினிங் என்றால் என்னவென்று தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

அந்த வருஷம் தசரா விடுமுறைக்குச் சில நாள் முன்னால் திருச்சானூரிலிருந்து அத்தை வந்தாள். நைனாவுக்கு, அதாவது எங்கள் அப்பாவுக்கு, மூத்தவள். கோயில் வாசலில் அவர்களுக்கு வளையல் கடை. கடையை அத்தை மகன் பார்த்துக்கொண்டான். அத்தை எங்கள் வீட்டில் கால் வைத்தால் சும்மா வந்தாள் என்று அர்த்தமே கிடையாது. இலை போட்டு உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னாடா தம்பி, பொண்ணு இப்டி பனமரம் கணக்கா வளந்து நிக்குது. இன்னும் பொஸ்தகத்தத் தூக்கிக்கினு பசங்களோட போய்க்கினு கீது?"

"இந்த டெர்மோட சரிக்கா" என்றார் நைனா. "லீவுக்கு அப்பால போவாது. தை மாசத்துல முடிச்சிடலாம்."

"எம் புள்ளைக்கு இன்னா கொற? கடை கீது, கண்ணுக்கு லட்சணமா கீறான். படிச்ச பொண்ணுன்னு அங்க வந்து என் தலைமேல உக்காரக் கூடாது, ஆமா."

"அதெல்லாம் உக்காராதுக்கா."

"அண்ணி, இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டா?" என்று மட்டும் அம்மா கேட்டாள். உள்ளே அக்கா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அடுப்பு நன்றாக எரிந்துகொண்டுதான் இருந்தது. எதற்கு ஊதுகிறாய் என்று கேட்டேன். "போடி அந்தாண்ட" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகை என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் அம்மா ஒரு சட்டி மோர் எடுத்துக்கொண்டு ஹெட்மாஸ்டர் வீட்டுக்குப் போனாள். நானும் ஒட்டிக்கொண்டேன். அவர்கள் வீட்டில் ஒரு கிளி இருந்தது. "நீ போயி கிளியப் பாரு" என்று என்னை வாசலில் விட்டுவிட்டு, அம்மா கொல்லைப்பக்கம் போய் ஹெட்மாஸ்டர் பெண்சாதியோடு தெலுங்கில் வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தாள். திரும்பும்போது சட்டியை அங்கேயே மறந்துவிட்டு வந்தாள். அம்மா எதையும் மறக்கிறவள் இல்லை. மறுபடி நானே ஓடிப்போய் வாங்கி வந்தேன்.

டெர்ம் கடைசி நாள். புளியமரத்தடியில் ஊர் உட்கார்ந்தது. முன்னால் பெஞ்சுகளில் பெரிய மனிதர்கள். இஸ்திரி போட்ட துண்டோடு நைனாவும் அங்கே. பக்கத்தில் செக்குக்காரர், தன் வேப்பமரத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தார். பெண்கள் பக்கம் அத்தை, அம்மா, அம்மா மடியில் என் கைக்குழந்தைத் தம்பி, ஓரமாக நான். ஓர் அண்டா நிறையப் பொங்கல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. என் கண் முழுவதும் அதில்தான்.

ஹெட்மாஸ்டர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். ஒவ்வொரு செய்தியும் மூன்று பாஷையிலும் வந்தது. சடுகுடுவில் ஐந்தாம் ஃபாரம் ஜெயித்தது. கை தட்டினோம். அம்மை குத்த ஆள் வருகிறார். அதற்கும் தட்டினோம். பிறகு இங்கிலீஷில் ஏதோ நீளமாக வாசித்தார். நடுவில் அக்கா பெயர் வந்தது. நைனா பெயரும் வந்தது. வாத்தியார்களெல்லாம் நைனா பக்கம் திரும்பிக் கை தட்டினார்கள். உடனே ஊரும் தட்டியது. நைனாவும் சிரித்தபடி, எதற்கு என்று தெரியாமலே தட்டினார்.

பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்கா மட்டும் தட்டவில்லை. அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது. எங்கள் பக்கம் திரும்பி அம்மாவையே பார்த்தாள். அம்மா குனிந்து, தம்பியின் அரைஞாணைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

ஹெட்மாஸ்டர் அதையே தெலுங்கில் சொன்னார். கணக்கில் முதலாவதாக வந்த இந்தப் பெண், நம் பள்ளிக்கூடத்தில் ஃபைனல் வரை படிக்கப்போகும் முதல் பெண். அதற்கு முழு மனதோடு சம்மதித்த அவளுடைய தகப்பனாருக்குப் பள்ளிக்கூடத்தின் சார்பில் நன்றி.

தட்டப் போன நைனாவின் கைகள் அப்படியே நின்றன. அத்தை, "இன்னாது?" என்றாள்.

பாருங்கள், நான் பொய் சொல்லக் கூடாது என்று அடித்து வளர்க்கப்பட்ட குழந்தை. ஹெட்மாஸ்டர் இவ்வளவு படித்தவர், ஊர் முன்னால் தப்பாகச் சொல்கிறாரே என்று எனக்குப் பதைத்துப் போயிற்று. தமிழய்யா எழுந்து கனைப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

"இல்ல சார்! அக்கா இனிமே வராது! நைனா நிறுத்திட்டாரு! அத்த ஊட்டு வளையல் கடைக்குக் குடுக்கப் போறாங்க சார்!"

அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். அதற்குள் ஊர் மொத்தமும் நைனாவைப் பார்த்தது. ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி, மெதுவாகத் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஏமண்டி, நிஜமா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

நைனா எழுந்து நின்றார். துண்டு தோளிலிருந்து கைக்கு வந்தது. அவரை முந்திக்கொண்டு செக்குக்காரர் பேசினார்.

"இன்னாய்யா நின்னுக்கினு கீற? ஊரே கை தட்டிடிச்சி. நீயும்தான் தட்டுன, நான் பாத்தேன். எனக்காவது மரம் போச்சி. உனுக்கு இன்னா போவுது? உம் பொண்ணு உன் ஊட்லதான கீது?"

சிரிப்பு கிளம்பியது. நைனாவுக்கு எதைச் சொன்னாலும் பொறுக்கும், சிரித்தால் பொறுக்காது.

"நான் எங்க சார் நிறுத்தினேன்?" என்றார், சத்தமாக. "சின்னது ஏதோ உளறிக்கினு கீது. அதும் பேச்சப் போயி... எம் பொண்ணு படிக்கும் சார். கடேசி வரைக்கும் படிக்கும்."

"தம்பி!" என்றாள் அத்தை. "ரசம் துன்னுக்கினே எங்கிட்ட இன்னாடா சொன்ன?"

"சும்மா இருக்கா, நாலு பேரு எதுர்ல."

தமிழய்யா இதற்காகவே பிறந்தவர் போல எழுந்தார். கல்வியின் அருமை உணர்ந்த தந்தையார் என்றும், பெண்மக்களின் கண் திறந்த பெருந்தகை என்றும், ஹெட்மாஸ்டர் சொல்லாததையெல்லாம் சேர்த்துச் சொன்னார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நைனாவின் மீசை கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. கடைசியில் கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். அத்தை கோபித்துக்கொண்டு அன்றே கிளம்பிவிட்டாள். பொங்கலைச் சாப்பிட்டுவிட்டுத்தான்.

எனக்கோ பொங்கல் இறங்கவில்லை. உண்மையைச் சொன்னது நான். உளறினேன் என்றது ஊர். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன். "நான் பொய் சொல்லலம்மா. நைனாதான் பொய் சொன்னாரு."

"வாய மூடிக்கினு துன்னு" என்று அம்மா தன் பங்குப் பொங்கலையும் என் கையில் வைத்தாள். திட்டுகிறாளா கொஞ்சுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. கண் மட்டும் சிரித்தது.

வீட்டுக்கு வந்ததும் நைனா சட்டையைக் கழற்றாமலே கேட்டார்: "அந்தாளு எப்டி என் பேரப் போட்டாரு? அவருக்கு யாரு சொன்னது?"

"எனுக்கு இன்னா தெரியும்?" என்றாள் அம்மா. "நான் கைநாட்டு."

அக்கா கொல்லையில் வைத்து என்னைத் தூக்கிச் சுற்றினாள். கன்னத்தைக் கடித்தாள். எதற்கு என்று கேட்டால் மறுபடி சுற்றினாள். வீட்டில் எல்லோருக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது. லீவுக்கு அப்புறம் அக்கா வீட்டோடு இருப்பாள் என்று கணக்குப் போட்டு, நைனா முன்பே இன்னொரு மாட்டுக்கு அச்சாரம் கொடுத்திருந்தார். மாடு வந்துவிட்டது. அக்காவோ வீட்டில் இருக்கப்போவதில்லை. சாணி அள்ளவும், கன்றுக்குட்டியைப் பிடிக்கவும், அம்மா கழனிக்குப் போனால் தம்பியைப் பார்த்துக்கொள்ளவும் ஒரு ஆள் வேண்டும். அன்று காலை நான் சிலேட்டை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, அம்மா தம்பியை என் இடுப்பில் உட்கார வைத்தாள்.

"இன்னிக்கி ஒருநாள் பாத்துக்கோம்மா, என் கண்ணுல்ல."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்று வாய்ப்பாடு ஒப்பிக்க வேண்டிய நாள். எட்டாம் வாய்ப்பாடு எனக்கு வரவே வராது. சிலேட்டை மச்சுப் படிக்குக் கீழே வீசிவிட்டுத் தெருவுக்கு ஓடினேன். அதற்கப்புறம் நான் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனதெல்லாம் டெர்ம் செய்தி கேட்கத்தான். தம்பி வளர்ந்து நடக்க ஆரம்பித்ததும் இடுப்பில் அடுத்த தங்கை இருந்தாள்.

ஆனால் அன்று எனக்கு அது தெரியாதே. அக்கா புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். பத்தடி போவாள், நின்று என்னைத் திரும்பிப் பார்ப்பாள். மறுபடி போவாள், மறுபடி திரும்புவாள். அவளுக்குத்தான் பள்ளிக்கூடம், எனக்கு விடுதலை. பொறாமையில் பார்க்கிறாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. தம்பியின் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டினேன்.

"இன்னாக்கா, எதுனா மறந்துட்டியா?" என்று கத்தினேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு நடந்தாள். சோற்றுத் தூக்கை விட்டுவிட்டுப் போகிறாள் போலிருக்கிறது என்று நான் வீட்டுக்குள் ஓடிப்போய்த் தேடினேன்.